வியாழக்கிழமை பீர்

11, கில்ன் தெரு,
வேக்ஃபீல்ட், யார்க்ஷர்.
4 பிப்ரவரி 1979

என் அன்பு மருமகள் லோர்னாவுக்கு,

உன் சிரில் மாமா எழுதுவது. இங்கே நலம். அங்கே டாஸ்மேனியா வெயிலில் நீ கறுத்துப் போயிருப்பாய், ஆனாலும் நலமாகத்தான் இருப்பாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது எல்லாமே நான் முன்கூட்டியே சொன்னதுதான். கிறிஸ்துமஸுக்கு லோர்னா சட்டை அனுப்பமாட்டாள், ஏதாவது வில்லங்கமானதைத்தான் அனுப்புவாள் என்றேன். அனுப்பினாய். தபால்காரன் அதைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டுப் போவான் என்றேன். போனான். பெட்டியைப் பிரித்த மறுநாளே பீர் காய்ச்சுவதில் நான் இந்த வட்டாரத்துக்கே பெரிய ஆளாகிவிடுவேன் என்றேன். அதற்கு மட்டும் நாலு வாரம் ஆனது. யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்பாய். உன் வின்னி அத்தையின் படத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

வீட்டிலேயே பீர் காய்ச்ச நீ அனுப்பிய பெட்டி சின்னதுதான். ஒரு கேலன் கண்ணாடிக் குடுவை, ஒரு டப்பா மால்ட் என்கிற பார்லிப் பாகு, டீத்தூள் பொட்டலம் மாதிரி ஒரு பொட்டலம், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, ஒரு ஸ்பூன் ஈஸ்ட், ரப்பர் குழாய், குடுவையின் மூடியில் செருகுவதற்கு வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று. அப்புறம் ஒரு கண்ணாடி மிதவை. பீருக்குள் சர்க்கரை இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று அது காட்டுமாம். பெட்டியின் மேல் 'முதல்முறை செய்பவர்களுக்கு' என்று அச்சடித்திருந்தது. அந்த வரியைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். மிதவையைப் பென்சில் வைக்கும் குவளையில் போட்டுவிட்டேன். முப்பது வருஷம் நிலக்கரி லாரி ஓட்டியவனுக்கு நாக்கு போதும்.

அந்த வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். உள்ளே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன, காற்று அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழ் விட்டு வெளியே வரும். குளுக். சற்றுப் பொறுத்து இன்னொரு குளுக். குடுவை சமையலறையில் இருந்தது. மாடியில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. நிமிஷத்துக்குப் பதினாறு எண்ணினேன். உனக்கு நாற்பது என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

இப்போது முக்கியமான செய்தி. பார்சலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தவர் பக்கத்துத் தெரு ஆம்ப்ரோஸ் சைக்ஸ். ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே வீட்டில் ஒற்றை ஆள். பீர் ஆனதும் வந்து ஒரு வாய் பாருங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். வியாழக்கிழமை வந்தார். தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"என்னங்க இது, கலங்கலா இருக்கு?"

"அது சத்து."

"கால்வாய்த் தண்ணிலகூடத்தான் சத்து இருக்கு."

அரை டம்ளர் குடித்தார். பத்துக்கு எவ்வளவு போடுவீர்கள் என்றேன். யோசிக்கவே இல்லை.

"நாலு."

"நாலா! லண்டன்ல குடுத்தா ஏழு போடுவாங்க."

"அப்ப லண்டனுக்கே அனுப்புங்க."

நல்ல மனுஷன். அடுத்த வியாழனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு கேலனில் எட்டு பாட்டில் வரும், அடியில் தங்கும் வண்டல் போக ஏழு. ஏழும் போதாது போலிருக்கிறது.

உன் தாய்மாமன்,
சிரில்


ஹோபார்ட், டாஸ்மேனியா.
18 பிப்ரவரி 1979

அன்புள்ள சிரில் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில் மேலதிகாரி எட்டிப் பார்த்தார். அந்த நாலு மார்க்கை நான் நம்புகிறேன். நீங்கள் இட்டுக்கட்டியிருந்தால் ஒன்பது என்றுதான் எழுதியிருப்பீர்கள்.

உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். இந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த மூன்று வருஷம் ஜூலையோடு முடிகிறது. முடிந்ததும் ஊருக்கே வந்துவிடுவது என்று இருந்தேன். உங்களுக்காகத்தான், மறைப்பானேன்? வின்னி அத்தை போனபிறகு அந்த வீட்டில் நீங்கள் யாரோடும் பேசாமல் இருப்பதை நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்குவதில்லை. இப்போது நிரந்தர வேலை தருகிறோம் என்கிறார்கள். ஜூன் முப்பதுக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். போடாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது மாமா. டங்கன் என்று ஒருவரையும் பிடித்திருக்கிறது. அவரைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

ஆனால் நீங்கள் அங்கே தனியாக இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன். ஆகவே கதை விடாமல் சொல்லுங்கள். ஆம்ப்ரோஸ் மறுபடியும் வந்தாரா?

அன்புடன்,
லோர்னா


வேக்ஃபீல்ட்.
11 மார்ச் 1979

என் அன்பு மருமகளுக்கு,

டங்கன் என்று ஒருவன் வருவான் என்று நான் போன வருஷமே சொன்னேன். பெயர் மட்டும் அப்போது தெரியாது. படகு வைத்திருக்கிறானா? தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் படகு வைத்திருப்பார்கள், ஜாக்கிரதை.

ஆம்ப்ரோஸ் வந்தாரா என்று கேட்கிறாய். வந்தாராவா! வியாழன் தவறுவதில்லை. ஆறு மணி அடித்தால் பின்கதவில் அவர் கைத்தடிச் சத்தம். நான் சமையலறைக் கணப்பைச் செக்கச்செவேல் என்று மூட்டி வைத்திருப்பேன். இரண்டு நாற்காலி, இரண்டு டம்ளர். வந்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அவருக்கென்றே ஓர் ஆணி அடித்திருக்கிறேன்.

"சிரிலு, இந்த வாரம் என்னத்தைப் போட்டுக் கெடுத்து வச்சிருக்கே?"

"அதிமதுரம்."

"இருமல் மருந்தா?"

"குடிச்சுப் பாரு, இருமலே வராது."

குடித்தார். ஐந்தரை போட்டார். அந்த அரைக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அப்புறம் அவர் சிக்னல் அறையில் இருந்த கதை, நான் பனியில் லாரியோடு மாட்டிக்கொண்ட கதை. அதில் நான் தோண்டி எடுத்த லாரிகள் மூன்று என்று உனக்குச் சொல்லியிருப்பேன். ஆம்ப்ரோஸிடம் சொல்லும்போது ஏழு ஆகிவிட்டது. மனுஷன் நம்பினார்.

மூன்றாவது காய்ச்சல் கறுப்பு வெல்லப்பாகும் இஞ்சியும். என் சொந்தக் கண்டுபிடிப்பு. பெட்டியில் வந்த தாளில் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறது. அது சாதாரண ஆட்களுக்கு. என்னுடையது நாலே நாளில் குமிழ் அடங்கி முடிந்துவிட்டது. அவ்வளவு வேகம். உடனே பாட்டிலில் அடைத்து, நுரை வருவதற்குப் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூடிவிட்டேன்.

ஆகவே எனக்காக நீ எதையும் விட்டுவிட்டு வரவேண்டாம். எனக்கு இங்கே நேரமே போதவில்லை.

உன் தாய்மாமன்,
சிரில்


ஹோபார்ட்.
1 ஏப்ரல் 1979

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களோடு சண்டை போடத்தான் இந்தக் கடிதம்.

நாலு நாளில் எந்தப் பீரும் முடியாது. நாள் முழுக்க இந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். குமிழ் நின்றால் ஈஸ்ட் தின்று முடித்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. குளிரில் அது தூங்கிப்போகும். அப்படியே பாட்டிலில் அடைத்தால், வெயில் காலத்தில் விழித்து உள்ளேயிருந்து தின்ன ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு நீங்கள் சர்க்கரையும் போட்டிருக்கிறீர்கள். காற்றுக்கு வெளியே போக வழியில்லாமல் பாட்டில் வெடிக்கும். அந்த மிதவை அதைப் பார்க்கத்தான். தயவுசெய்து அந்த ஏழு பாட்டிலையும் ஊற்றிவிடுங்கள், கையில் கனமான துணியைச் சுற்றிக்கொண்டு.

இன்னொன்றும் யோசித்தேன். கணப்பைச் செக்கச்செவேல் என்று மூட்டி நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிற சமையலறையில், ஈஸ்ட் தூங்குகிற அளவுக்குக் குளிர் எப்படி வந்தது?

ஆம்ப்ரோஸின் தொலைபேசி எண்ணை அனுப்புங்கள். நீங்கள் எடுக்காவிட்டால் கூப்பிட ஒரு ஆள் வேண்டும். எண் கையில் இருந்தால் நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவேன்.

அன்புடன்,
லோர்னா

டங்கனிடம் படகு இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?


வேக்ஃபீல்ட்.
29 ஏப்ரல் 1979

என் அன்பு மருமகளுக்கு,

படகு விஷயம் நான் சொன்னால் சொன்னதுதான்.

உன் கடிதத்தை ஆம்ப்ரோஸுக்கு வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிலு, உன் மருமக உன்னை நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கா."

"அவ படிச்சவ. படிச்சவங்க பயப்படுவாங்க."

"பாட்டில் வெடிச்சா என்னைக் கூப்பிடாதே. நான் ரயில் மோதுனதையே பார்த்தவன்."

கணப்பு இருப்பது கூடத்தில். சமையலறை என்று நான் எழுதியிருந்தால் அது பேனாவின் தப்பு. கதவைச் சாத்திவிடுவதால் சமையலறை குளிர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். கூடத்தில் எப்படிப்பட்ட சூடு தெரியுமா? போன வாரம் மனுஷன் கோட்டைக் கழற்றிவிட்டு, அப்புறம் சட்டையின் மேல்பித்தானையும் கழற்றினார்.

தொலைபேசி எண் கேட்டாய். அவருக்கும் தொலைபேசிக்கும் ஆகாது. சிக்னல் அறையில் முப்பத்தைந்து வருஷம் மணி அடித்துக் காது புளித்துவிட்டதாம். வீட்டில் மணி அடித்தால் அதன்மேல் தலையணையைப் போட்டு அமுக்குவார். எண் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நாலாவது காய்ச்சல் ருபார்ப் என்கிற சிவந்த புளிப்புத் தண்டு. நிறம் மட்டும் பார்த்தால் மாதா கோவில் கண்ணாடி ஜன்னல். ஆம்ப்ரோஸ் எட்டு போட்டார். எட்டு! எழுந்து நின்று கை கொடுத்தார். இரண்டு நிமிஷம் கையை விடவில்லை.

நீ கையெழுத்தைப் போடு.

உன் தாய்மாமன்,
சிரில்


ஹோபார்ட்.
20 மே 1979

அன்புள்ள மாமாவுக்கு,

எட்டு மார்க்குக்கு வாழ்த்து. அந்த மனுஷன் கை கொடுத்தார் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

முடிவு செய்துவிட்டேன். ஜூன் முப்பது சனிக்கிழமை. முந்தின நாள் வெள்ளியன்று காகிதங்களைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். நானும் டங்கனும் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிகிறது.

இதை உங்களுக்குச் சொல்வதற்கு எனக்கு இவ்வளவு நாள் தைரியம் வராமல் இருந்தது. வந்ததற்குக் காரணம் ஆம்ப்ரோஸ். அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். என் மாமா வீட்டில் வாரம் ஒருநாள் இன்னொரு நாற்காலியில் ஆள் இருக்கிறார் என்பதுதான் என்னை இங்கே இருக்க விடுகிறது என்று அவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

அந்த வெல்லப்பாகு பாட்டில்களை ஊற்றிவிட்டீர்கள்தானே?

அன்புடன்,
லோர்னா


வேக்ஃபீல்ட்.
14 ஜூன் 1979, வியாழன்

என் அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. ஆறு தெரிகிற ஜன்னல் நல்லதுதான். கொசு வரும், வலை போடு.

ஊற்றவில்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை இங்கே வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், தார் உருகியது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரியில் ஒரு சத்தம். துப்பாக்கி என்று நினைத்தேன். நான் எழுந்திருப்பதற்குள் அடுத்தடுத்து இன்னும் நாலு. அலமாரியைத் திறந்தால் அந்த ஏழில் அஞ்சு பாட்டில் போய்விட்டன, சுவரெல்லாம் வெல்லப்பாகு. மிச்சம் ரெண்டையாவது காப்பாற்றலாம் என்று ஒன்றை எடுத்தேன். அது என் இடது கையிலேயே வெடித்தது.

பயப்படாதே, கை இருக்கிறது. உள்ளங்கையில் இரண்டு நரம்பு அறுந்துவிட்டது. ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்டக்டர் டிக்கெட்டே கேட்கவில்லை. டாக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு உறுதியான கையைப் பார்த்ததில்லை என்றார். மயக்க மருந்து கொடுத்துத் தைத்தார்கள். மயக்க மருந்து கொடுத்தவர்களைத் தனியாக அனுப்பமாட்டார்களாம், வீட்டு ஆள் யாராவது வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டுமாம். ஆம்ப்ரோஸ் பெயரைச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் வாடகைக் காரில் வந்து இறங்கினார். வார்டே திரும்பிப் பார்த்தது.

"சிரிலு! நான் சொன்னனா இல்லையா?"

"நீ எங்க சொன்னே, என் மருமகதான் சொன்னா."

"அவ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன. எந்திரி, வீட்டுக்குப் போகலாம்."

நர்ஸ் நீட்டிய காகிதத்தில் 'உறவு' என்ற இடத்தில் 'சகோதரன்' என்று எழுதினார். வீட்டுக்கு வந்து கண்ணாடித் துண்டுகளை எல்லாம் கூட்டி அள்ளினார். முட்டை பொரித்துக் கொடுத்தார். உன் நன்றியைச் சொன்னேன். தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கையெழுத்தைப் போடு.

உன் தாய்மாமன்,
சிரில்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு, மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

மேலே எழுதியதில் ஒரு விவரம் மட்டும் இட்டுக்கட்டியது. டாக்டர் சொன்னதாக எழுதினேனே, அதைச் சொல்லவில்லை. அது நானே சேர்த்தது என்று உனக்கே தெரிந்திருக்கும். நான் சொல்வது ஆம்ப்ரோஸை.

அவர் பெயரைச் சொன்னது உண்மை. அந்த நர்ஸ் பெண் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். அவர் முதல் மணியிலேயே எடுத்தார். அவள் பேசிவிட்டுத் திரும்பி வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"பெரியவரே, அந்தப் பார்சல்காரரான்னு கேக்குறாரு. அவரை எனக்கு அவ்வளவா பழக்கம் இல்லீங்களேன்னு சொல்றாரு. வேற யாராவது இருக்காங்களா?"

உன் பெயரைச் சொன்னேன்.

"எங்க இருக்காங்க?"

சொன்னேன். அவள் பேனாவை மூடிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். பஸ்ஸில் வந்தேன். கண்ணாடியை நான்தான் அள்ளினேன், ஒற்றைக் கையால், இன்றுதான் முடிந்தது.

கணப்பைப் பற்றி நீ கேட்டதும் சரி. ஒரு ஆளுக்காக அதை மூட்டத் தோன்றவில்லை. பீர் தூங்கியது அதனால்தான். நாலு காய்ச்சலில் இருபத்தெட்டு பாட்டில் எடுத்தேன். அதில் இருபத்தொன்று அலமாரியில் அப்படியே இருந்தது. இரண்டு பேர் குடித்திருந்தால் வெடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

ஆகாயத் தபால் உனக்கு ஒன்பது, பத்து நாளில் வந்து சேரும். முப்பதாம் தேதிக்கு முன்னால் வந்துவிடும். நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இன்றே போய்ப் போடுகிறேன்.

ஆம்ப்ரோஸைத் தப்பாக நினைக்காதே. பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். பிப்ரவரி ஒன்றாம் தேதி ஒருமுறை வந்தார், அரை டம்ளர் குடித்தார், நாலு போட்டார், போனார். அது நடந்தது. அடுத்த வியாழன் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. மற்ற பதினெட்டு வியாழனும் நான் எழுதியவை.